ஏவாமல் எரியும் பாய்லர்

ஏவிய வேலையைச் செய்யாத யந்திரங்களைப் பற்றி இப்பகுதியில் பல தடவை எழுதியிருக்கிறோம். இந்த வாரம் அதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று வந்திருக்கிறது: ஏவாத வேலையைச் செய்கிற யந்திரம்! இரண்டில் எது அதிகத் தொல்லை என்று கேட்டால், பின்னதே என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஓடாத யந்திரம் அன்றைய வேலையை மட்டுமே கெடுக்கிறது. தானே ஓடுகிற யந்திரமோ பணத்தையும் தூக்கத்தையும் மனநிம்மதியையும் ஒருசேரக் கெடுத்துவிடுகிறது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் எழுதியிருப்பதன் சாரம் இது: அவருடையது மாடியும் கீழுமாக அமைந்த சிறிய சொந்த வீடு. சமையலறைச் சுவரில் காஸ் பாய்லர் இருக்கிறது. மாடியில் ஓர் அலமாரிக்குள் வெந்நீர்க் கலம் இருக்கிறது. மே மாதம் பிறந்ததும் வீட்டுச் சூடு வேண்டாமென்று காலக் கருவியில் அதை நிறுத்திவிட்டார். வெந்நீரையும் நிறுத்திப் பார்த்தார். ஆயினும் பாய்லர் இரவும் பகலும் எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. கைக்குழந்தை உறங்கும் அறையிலுள்ள ரேடியேட்டர் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. மின்சார ஸ்விட்சை அடியோடு அணைத்தால்தான் அடங்குகிறது. காலையில் வெந்நீருக்காக மறுபடி போட்டால் பழைய கதைதான். வந்து பார்த்த மெக்கானிக், எதையும் திறந்து பாராமலே, "பாய்லர் போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாராம். மாற்றுவதானால் கடன்தான் வாங்க வேண்டும். "மாற்றத்தான் வேண்டுமா?" என்பது சகோதரியின் கேள்வி.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவர் எழுதியிருக்கும் அடையாளங்களைக் கொண்டு பார்த்தால் குற்றம் பாய்லரில் இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு வால்வின் தலையில் பொருத்தியிருக்கும் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றிலேதான் குற்றம் இருக்கவேண்டும் என்று ஊகிக்க நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சீமையில் பிள்ளைகளையோ பெண்களையோ வைத்திருக்கும் குடும்பங்கள் இன்று நம் ஊர்களில் ஏராளமாக இருக்கின்றன. ஆதலால் இது ஒரு சகோதரிக்கு மட்டும் சொல்லும் பதில் அல்ல.

கட்டளை செல்லும் வழி

நம் வீட்டு வெந்நீர் அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் நெருப்புத் தணிகிறது. மூட்டியவரே அணைக்கிறார், நடுவில் வேறு ஆள் இல்லை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் அறைக்கு அறை நிலக்கரி எரிந்தபோது ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் விளைவாக 1956-ல் சுத்தமான காற்றுக்கென்று சட்டம் பிறந்தது. பிறகு வட கடலில் இயற்கை வாயு கிடைத்தது. 1967 முதல் 1977 வரை, நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய நகர வாயுவுக்குப் பதிலாக அந்த இயற்கை வாயு அந்நாட்டு வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்டது. கணப்புகள் குறைந்தன, குழாய்களின் வழியே வெந்நீரை ஓடவிட்டு வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு பரவிற்று.

இந்த ஏற்பாட்டில், மூட்டுகிறவருக்கும் நெருப்புக்கும் நடுவே பல இடைத்தரகர்கள் புகுந்துவிட்டார்கள். முதலாவது, இன்ன நேரத்தில் எரியலாம் என்று அனுமதி தரும் காலக் கருவி. இரண்டாவது, அறை போதிய அளவு சூடாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் தெர்மாஸ்டாட் என்னும் உஷ்ணக் காவலன். மூன்றாவது, நீர் ரேடியேட்டர்களுக்குப் போகவேண்டுமா, வெந்நீர்க் கலத்துக்குப் போகவேண்டுமா என்று வழி திறந்துவிடும் மோட்டார் வால்வுகள். நான்காவதாகத்தான் பம்பும் பாய்லரும் வருகின்றன.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இத்தகைய வீடுகளில் பாய்லருக்கு "எரி" என்று கட்டளையிடுவது காலக் கருவியும் அல்ல, தெர்மாஸ்டாட்டும் அல்ல, வால்வே கட்டளையிடுகிறது. காலக் கருவி அனுமதித்து, தெர்மாஸ்டாட்டும் சம்மதித்தால், மின்சாரம் வால்வின் மோட்டாரை அடைகிறது. மோட்டார் சுழன்று வழியைத் திறக்கிறது. முழுவதும் திறந்ததும் உள்ளேயிருக்கும் சிறிய ஸ்விட்சு ஒன்று அழுந்துகிறது. அந்த ஸ்விட்சு அழுந்தினால்தான் பாய்லரும் பம்பும் கிளம்புகின்றன. வழி திறக்குமுன் பாய்லர் எரிந்து, போக்கிடமின்றி நீர் கொதிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு இது. மின்சாரம் நின்றதும் ஒரு வில்சுருள் வால்வை இழுத்து மூடிவிடும், ஸ்விட்சும் விடுபடும்.

வில்சுருள் தளர்ந்தாலோ, தண்டு இறுகிப்போனாலோ, ஸ்விட்சு ஒட்டிக்கொண்டாலோ என்ன ஆகும்? மேலே உள்ள எஜமானர்கள் எல்லோரும் "நிறுத்து" என்று சொன்னபிறகும், வாயிற்காவலன் மட்டும் "எரி, எரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பாய்லரோ அவன் சொல்லைத்தான் கேட்கும்!

குற்றமில்லாத ஓட்டம்

பழுது தேடுமுன், எதிர்பாராத ஓட்டமெல்லாம் பழுது அல்ல என்பதை நினைவில் வைக்கவேண்டும். கீழ்க்காணும் ஐந்தையும் முதலில் கழித்துவிட வேண்டும்.

1. நெருப்பு அணைந்த பின்னும் சில நிமிஷங்கள் பம்பு ஓடும். பாய்லரின் உட்பாகத்தில் தங்கிய உஷ்ணத்தை அது வெளியேற்றுகிறது. சப்தம் மட்டும் கேட்டு, சிறிது நேரத்தில் தானே நின்றால் கவலை வேண்டாம்.

2. உறைபனிக் காவல் என்று ஒன்று உண்டு. பாய்லருக்குள்ளோ, அது இருக்கும் கொட்டகையிலோ உஷ்ணம் சுமார் 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால், யாரும் ஏவாமலே பாய்லர் எரியும். நீர் உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருத்துக் குழாயை வெடிக்கச் செய்துவிடும். அதைத் தடுக்கவே இந்தக் காவல். ஜனவரி இரவில் இது நண்பன். மே மாதத்து வெதுவெதுப்பில் இப்படி நேர்ந்தால் அந்தக் காவலன் பிசகியிருக்கிறான் என்று அறியலாம்.

3. புதுமாதிரித் தெர்மாஸ்டாட்டுகளில் சில முன்யோசனை உள்ளவை. காலை 6 மணிக்கு அறை சூடாக இருக்கவேண்டும் என்று குறித்தால், குளிரின் அளவைப் பார்த்து 5 மணிக்கோ அதற்கும் முன்போ அவையே பாய்லரை எழுப்பிவிடும்.

4. காலக் கருவியின் கடிகாரம். இங்கிலாந்தில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். 1916-ல் முதன்முதலாகத் தொடங்கிய வழக்கம் இது. பழைய கருவிகள் தாமாகத் திருத்திக்கொள்வதில்லை. மின்சாரம் தடைப்பட்டு வந்தாலும் சில கருவிகள் நேரத்தை மறந்துவிடும்.

5. வெந்நீர்க் கலமின்றி, குழாயைத் திறந்தவுடன் நீரைச் சூடாக்கித் தரும் பாய்லர்களில் பல, தம் உட்பாகத்தை எப்போதும் சிறிது சூடாக வைத்திருப்பதற்காக அவ்வப்போது சில விநாடிகள் எரியும். இதை நிறுத்தும் வசதி பெரும்பாலும் பாய்லரின் முகப்பிலேயே இருக்கும்.

லீட்ஸ் சகோதரியின் வீட்டுக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. நேரம் குறிப்பிட்டு எரியவில்லை. இரவும் பகலும் எரிகிறது. பனி இல்லை. பம்பு மட்டும் அல்ல, நெருப்பே எரிகிறது, ரேடியேட்டரும் சுடுகிறது. ஆகவே பழுது உண்டு. எங்கே என்பதுதான் கேள்வி.

மூன்று சோதனைகள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுவதும், எந்த நேரத்தில் எரிந்தது, எவ்வளவு நேரம் எரிந்தது, எந்தெந்த ரேடியேட்டர் சூடாயிற்று, காஸ் மீட்டரின் எண் காலையில் என்ன, இரவில் என்ன என்று குறித்து வையுங்கள். வைத்தியரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வதற்கும், ஜுரம் வந்த நேரத்தைக் குறித்துக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! பிறகு கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யலாம். இவற்றுக்கு எந்த மூடியையும் கழற்ற வேண்டியதில்லை.

முதல் சோதனை: வெந்நீரை நிறுத்திவிட்டு, வீட்டுச் சூட்டை மட்டும் காலக் கருவியில் போட்டுவைத்து, தெர்மாஸ்டாட்டைக் கடைசி மட்டத்துக்கு இறக்குங்கள். பத்து நிமிஷம் பொறுங்கள். பாய்லர் அணைந்துவிட்டால் தெர்மாஸ்டாட் நன்றாகவே வேலை செய்கிறது. அது வாசற்கதவின் அருகிலோ, குளிர்காற்று படும் இடத்திலோ மாட்டப்பட்டிருந்து, வீடு சூடான பின்னும் "குளிர்கிறது" என்று புகார் செய்துகொண்டிருக்கலாம். இடத்தை மாற்றினால் போதும்.

இரண்டாவது சோதனை: அப்போதும் அணையாவிட்டால், காலக் கருவியிலும் வீட்டுச் சூட்டை நிறுத்துங்கள். இப்போது அணைந்தால் குற்றம் தெர்மாஸ்டாட்டிலோ, அதன் கம்பிகளிலோ, கம்பியில்லாத் தெர்மாஸ்டாட்டாக இருந்தால் அதன் செய்தியை வாங்கும் பெட்டியிலோ இருக்கிறது.

மூன்றாவது சோதனை: இரண்டையும் நிறுத்திய பின்னும் எரிகிறதென்றால், சற்று நிதானித்து யோசியுங்கள். காலக் கருவி கெட்டிருந்தால் தெர்மாஸ்டாட் தடுத்திருக்கும். தெர்மாஸ்டாட் கெட்டிருந்தால் காலக் கருவி தடுத்திருக்கும். இரண்டு காவலர்களும் ஒரே இரவில் தூங்கிப்போவது மிகவும் அபூர்வம். ஆகவே அவர்களுக்கு அப்பால், வால்விலேதான் தேடவேண்டும். எந்த வால்வு என்பதையும் வீடே சொல்லிவிடும். ரேடியேட்டர்கள் சுட்டால், வீட்டுச் சூட்டுக்கான வால்வு மூடாமல் நின்றுவிட்டது. ரேடியேட்டர்கள் குளிர்ந்திருக்க வெந்நீர்க் கலம் மட்டும் சுட்டுக்கொண்டே போனால், கலத்தின் வால்வு. இரண்டும் சூடாகாமல் பாய்லர் மட்டும் சில நிமிஷத்துக்கொரு முறை எரிந்து எரிந்து அணைந்தால், வால்வு மூடியிருக்கிறது. உள்ளேயிருக்கும் சிறு ஸ்விட்சு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உறுதி செய்துகொள்ள இன்னும் ஓர் அடையாளம் உண்டு. இவ்வகை வால்வுகள் பலவற்றில் பக்கவாட்டில் ஒரு சிறிய நெம்புகோல் இருக்கும். வால்வு மூடியிருக்கும்போது அதை மெல்லத் தள்ளினால் வில்சுருள் எதிர்த்து நிற்பது விரலுக்குத் தெரியும். எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் வால்வு திறந்தபடியே நிற்கிறது என்று பொருள். பக்கத்துக் குழாய் கடுமையாகச் சுடக்கூடும். கை படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சகோதரியின் வீட்டில் இரண்டு கட்டளைகளையும் நிறுத்திய பின்னும் எரிகிறது, ரேடியேட்டர்கள் சுடுகின்றன. இதிலிருந்து, வீட்டுச் சூட்டு வால்வு திறந்தபடி இறுகிவிட்டது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. பாய்லர் தனக்கு வந்த கட்டளைக்கு ஒழுங்காகப் பணிகிறது. அதன்மீது குற்றம் சுமத்துவது, பொய்யான தந்தியைக் கொண்டுவந்து கொடுத்ததற்காகத் தபால்காரனைத் தண்டிப்பது போலாகும். பல வால்வுகளில் மோட்டாரும் ஸ்விட்சும் அடங்கிய தலைப்பாகத்தை மட்டும், குழாயிலுள்ள நீரை வடிக்காமலே மாற்றிவிடலாம். கீழே தண்டே இறுகியிருந்தால் வால்வு முழுவதையும் மாற்றவேண்டும். எப்படியானாலும் புதுப் பாய்லரின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தொடலாகாதவை

சோதனை செய்யும் உரிமை நமக்கு உண்டு. பிரித்துப் பார்க்கும் உரிமை இல்லை. இதைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

வால்வின் தலையிலிருந்து பொதுவாக ஐந்து கம்பிகள் வரும். அவற்றில் சாம்பல் நிறக் கம்பியில், காலக் கருவியை நிறுத்திய பின்னும் 230 வோல்ட் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆரஞ்சு நிறக் கம்பியே பாய்லருக்குக் கட்டளை கொண்டுபோவது. "எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேனே" என்று நம்பி மூடியைத் திறப்பவன் உயிரையே இழக்கக்கூடும். வெப்ப ஏற்பாடு முழுவதற்கும் மின்சாரம் தரும் தனி ஸ்விட்சை அணைத்து, மின்சாரம் இல்லையென்று கருவியால் சோதித்த பிறகே, வேலை தெரிந்தவர் அதைத் தொடவேண்டும்.

பாய்லரின் காஸ் பாகத்தைத் திறப்பதோ இன்னும் பெரிய அபாயம். காஸ் சரிவர எரியாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயு பற்றும் இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் இது பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் குறைந்தால், சளி என்று எண்ணிப் படுத்துவிடக் கூடாது. நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாகத் தளர்ந்து எரிவது, பாய்லரைச் சுற்றிக் கரி படிவது ஆகியவையும் எச்சரிக்கைகளே. இரவும் பகலும் ஓயாது எரியும் பாய்லர் உள்ள வீட்டில், இந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஓர் இரவுகூடக் கழிக்கவேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதை இரண்டாம் முறை சொல்லவேண்டியதில்லை.

காஸ் நாற்றம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து, முடிந்தால் மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை மூடிவிட்டு, எல்லோரும் வெளியேறி, 0800 111 999 என்ற அந்நாட்டு அவசர எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

யாரை அழைப்பது?

அந்நாட்டில் காஸ் வேலை செய்வோர் 'காஸ் ஸேஃப்' பதிவேட்டில் பெயர் பதிந்தவர்களாக இருக்கவேண்டும். 2009 ஏப்ரல் முதல் இந்தப் பதிவேடு நடைமுறையில் இருக்கிறது. பதிவானவரிடம் படத்துடன் கூடிய அடையாள அட்டை இருக்கும். எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அதன் பின்புறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வருகிறவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, சகோதரி இரண்டே கேள்விகள் கேட்கட்டும். "கட்டளைகள் இரண்டையும் நிறுத்திய நிலையில், பாய்லருக்குப் போகும் ஆரஞ்சுக் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று அளந்து சொல்கிறீர்களா? அந்தக் கம்பியைத் துண்டித்தபின் பாய்லர் எரிகிறதா?" துண்டித்ததும் பாய்லர் அடங்கிவிட்டால் பாய்லர் குற்றமற்றது. துண்டித்த பின்னும் எரிந்தால் மட்டுமே பாய்லரின் உட்கருவிகளையோ உறைபனிக் காவலனையோ சந்தேகிக்க நியாயம் உண்டு. அளந்து பாராமல் "மாற்று" என்பவரின் வார்த்தையை நம்பிக் கடன் வாங்கவேண்டாம்.

இந்தச் சந்தர்ப்பத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1929-ல் அகில இந்திய நூற்போர் சங்கம், சிறந்த ராட்டை ஒன்றைப் படைப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று அறிவித்தது. நிறைய நூல் நூற்பது மட்டும் நிபந்தனையாக இருக்கவில்லை. கிராமத்துக் குடிசையில் ஒரு பெண் எளிதாக இயக்கக்கூடியதாகவும், பழுதுபார்க்க அதிகம் செலவாகாததாகவும் அது இருக்கவேண்டும் என்றும் விதித்திருந்தார்கள். யந்திரம் நம் வீட்டுக்குள் வரலாம். ஆனால் அதன் போக்கு வீட்டிலுள்ளவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதே அதன் கருத்து. நூல் அறுந்தால் மாலை தளர்ந்ததா, கதிர் வளைந்ததா என்று பார்க்கத் தெரிந்த பாட்டிமார்களின் பேத்திகளுக்கு, லீட்ஸ் நகரத்து வால்வு ஒன்றும் பெரிய புதிர் ஆகிவிடாது.

சுருக்கமான விடைகள்

பர்மிங்ஹாம் வாசகர்: வாடகை வீட்டில் பாய்லர் பழுதானால் தாமே செலவழித்துச் சீர்செய்ய வேண்டாம், உடனே வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். 1998-ம் வருஷத்து காஸ் பாதுகாப்பு விதிகளின்படி, தம்முடைய காஸ் கருவிகளை ஆண்டுக்கு ஒருமுறை பதிவு பெற்றவரைக் கொண்டு சோதித்து, அதன் சான்றின் பிரதியைக் குடியிருப்பவருக்குக் கொடுப்பது அவர் கடமை. சான்று வரவில்லையானால் கேட்டு வாங்குங்கள்.

திருச்சி வாசகர்: தங்கள் குமாரர் டிசம்பரில் ஒரு மாதம் ஊருக்கு வரும்போது, பாய்லர் தானே எரியும் என்று அஞ்சி மின்சாரத்தை அடியோடு அணைத்துவிட்டு வருவது சரியல்ல. உறைபனிக் காவலும் சேர்ந்து அணைந்துவிடும். குழாய் வெடித்தால் வீடு முழுவதும் வெள்ளம். தெர்மாஸ்டாட்டைத் தாழ்ந்த மட்டத்தில் வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தார் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

லீட்ஸ் சகோதரிக்கு: வால்வை மாற்றும்வரை, இரவில் தனி ஸ்விட்சை அணைத்துவைப்பதையே தொடருங்கள். மே மாதமாதலால் உறைபனி அச்சம் அநேகமாக இல்லை. குழந்தையின் அறையிலுள்ள ரேடியேட்டரின் குமிழை முழுவதும் மூடிவிடுங்கள். வெந்நீர் வேண்டும்போது மட்டும் ஸ்விட்சைப் போட்டு, வேலை முடிந்ததும் அணையுங்கள். அளந்து பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதை எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.